கிழக்கு பார்த்த கட்டில்

பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம் தாண்டினால் வாந்தி எடுத்துவிடுகிற மனிதருக்கு 'ஊர்சுற்றி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள் என்றால், அந்த அலுவலகத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் பெயரில் ஒரு நியாயமும் இருந்தது. இருபத்தேழு வருடங்களில் அவர் தங்காத இடம் கிடையாது. பனிக்கட்டியை அறுத்து அடுக்கிய ஹோட்டலில் தோல் போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கிறார். பாறையைக் குடைந்த குகை அறை, மரத்தின் உச்சியில் தொங்குகிற கூண்டு, மீன்கள் எட்டிப் பார்க்கிற கடலடிப் படுக்கையறை, கப்பல்களெல்லாம் மறந்துபோன கலங்கரை விளக்கத்தின் மேல்மாடி, பறந்தது போதும் என்று வயல் நடுவில் உட்கார்ந்துவிட்ட விமானம் - அதில் விமானி உட்காரும் இடத்தில் குளியல் தொட்டி - எல்லாவற்றிலும் தங்கி, தூங்கி, எழுந்து, பல் விளக்கியிருக்கிறார். எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

சலவைக்கடை மாடியில் இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். கீழே நாள் முழுக்க இஸ்திரி ஓடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். அங்கிருந்துதான் உலகம் விற்பனையாகிக்கொண்டிருந்தது. உலகத்தின் விசித்திரமான தங்குமிடங்களைப் பற்றி வருடா வருடம் ஒரு தடித்த புத்தகம், அதே சமாசாரம் இணையத்திலும். ஆசைப்பட்டவர்கள் இவர்கள் மூலமாகவே இடம் பிடித்துக்கொண்டு கிளம்பலாம். முதலாளி ஒருவர், டிக்கெட் போட இரண்டு பேர், படங்களுக்கு மெருகேற்ற ஒரு பெண், எழுதுவதற்கு ஊர்சுற்றி. இந்த ஐந்து பேரில் வெளிநாடு போய்வந்தவர் முதலாளி மட்டும்தான். அதுவும் மூல ஆபரேஷனுக்கு.

வேலை நடக்கிற விதம் சொன்னால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு தங்குமிடத்துக்காரரும் நாலு படமும், ஒரு பக்கப் படிவமும் அனுப்புவார். படிவத்தில் கட்டில் எத்தனை, வெந்நீர் உண்டா, நாயைக் கூட்டி வரலாமா, விமான நிலையம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டிருக்கும். மீதியை ஊர்சுற்றி பார்த்துக்கொள்வார். அவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அறை சின்னது என்று எழுதக்கூடாது, கச்சிதமானது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கடை கண்ணி கிடையாது என்றால் அது ஏகாந்தம். செல்போன் எடுக்காது என்றால் உலகத்தின் இரைச்சல் எட்டாத இடம். இருநூறு படி ஏறி மூச்சு வாங்க வேண்டும் என்றால், படிக்குப் படி காட்சி மாறும். பொய் சொல்லமாட்டார் மனுஷன். அதில் கறார். இருப்பதைத்தான் எழுதுவார், கொஞ்சம் தலை சீவி, பவுடர் போட்டு.

அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. ஜன்னல் எந்தத் திசை பார்த்தது என்று யாரும் கேட்டதில்லை. படத்தில் ஒரு ஜன்னல் இருக்கும், வெளியே வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அது காலையா சாயங்காலமா என்று படம் சொல்லாது. ஊர்சுற்றி சொல்லிவிடுவார். காலை. அவருக்கு எல்லாமே காலைதான். ஏனென்றால் அவர் எழுதுவது காலையில். ஐந்து மணிக்கு வீட்டில் சமையலறையை ஒட்டிய மேஜையில் உட்காருவார். மேஜைக்குக் காபி வரும். ஜன்னலில் மெல்ல வெளுக்கும். எழுத்து தன்னால் ஓடும். அதை அலுவலகத்தில் போய்த் தட்டச்சு செய்வார். இருபத்தேழு வருடத்தில் தொள்ளாயிரத்துச் சொச்சம் இடங்களை எழுதியிருக்கிறார். ஓரிடத்தில்கூடச் சூரியன் அஸ்தமித்ததில்லை.

படக்காரப் பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"சார், இது சாயங்காலமாக்கூட இருக்கலாமே?"

"சாயங்காலத்துல யாரும்மா சந்தோஷமா இருக்காங்க? எல்லாருக்கும் கால் வலிக்கும். காலையா இருந்தாத்தான் மனுஷன் டிக்கெட் எடுப்பான்."

அவள் வாதம் செய்யவில்லை. அவள் பங்குக்கு வானத்தில் இன்னும் கொஞ்சம் ஆரஞ்சைக் கூட்டினாள்.

இவருக்கு ஒரு மனைவி. பெண் பார்க்க வந்தபோது 'பையனுக்கு டிராவல் கம்பெனியில வேலை' என்று சொல்லியிருந்தார்கள். அவள் வேறொன்றும் கேட்காமல் தலையாட்டிவிட்டாள். தோழிகளிடமெல்லாம், "நான் எங்கெங்க போகப்போறேன்னு எனக்கே தெரியாதுடி" என்று பெருமை அடித்துக்கொண்டாளாம். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் வீட்டிலிருந்து புது வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது, மூன்றாவது நிறுத்தத்தில் மாப்பிள்ளை அவளுடைய பட்டுப் புடவையில் வாந்தி எடுத்தார். அன்றைக்கே அவளுக்கு முக்கால்வாசி விஷயம் புரிந்துவிட்டது. மீதிக் கால்வாசி புரிய இருபத்தாறு வருடம் ஆயிற்று.

அவள் நாலரைக்கு எழுந்துவிடுவாள். ஆரம்பத்தில் அவருடைய எழுத்துக்காக. பிறகு மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், கல்லூரி போனாள். இப்போது அந்த மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள், ஆறு மணிக்கு முதல் ஷிப்ட். அலாரம் வைப்பதில்லை. அந்த வீட்டில் அலாரம் என்று ஒரு பொருளே கிடையாது, அவள்தான். ஊர்சுற்றி மேஜையில் எழுதி முடித்த பக்கத்தை அவள் காய் நறுக்கும்போது வாசித்துக் காட்டுவார். உலகத்தில் எத்தனையோ பேர் அவர் எழுத்தைப் படித்தார்கள். அவருக்கு வேண்டியதென்னவோ இந்த ஒருத்தியின் 'நல்லா இருக்கு'தான். அது கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவள் பெரும்பாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வாள். எப்போதாவது ஒரு கேள்வி கேட்பாள். காட்டுக்கு நடுவில் சுவரும் கூரையும் கண்ணாடியில் ஒரு வீடு, படுத்துக்கொண்டே நட்சத்திரம் எண்ணலாம் என்று அவர் உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"அத்தனை கண்ணாடியையும் தினம் யாருங்க துடைப்பாங்க?"

"அடடா, அதுவா இப்ப முக்கியம்?"

"இல்ல, பறவையெல்லாம் மேல இருந்து போடுமே. அதான் கேட்டேன்."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரசனை கெட்ட கேள்வி என்பார். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த கத்தரிக்காயை எடுப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஏரி வீடு வந்தது. தூர தேசத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஏரி. கரையிலிருந்து மரப்பாலம் போட்டு, தண்ணீருக்குள் கம்பம் நட்டு, அதன்மேல் ஆறே ஆறு மர வீடுகள். படத்தில் அகலமான கட்டில், கால்மாட்டில் சுவர் முழுக்க ஜன்னல், வெளியே ஆரஞ்சு வானம், தண்ணீரிலும் அதே ஆரஞ்சு. ஊர்சுற்றிக்குத் தலைகால் புரியவில்லை. 'கிழக்கு பார்த்த கட்டில் இது. இங்கே உங்களை யாரும் கதவு தட்டி எழுப்ப மாட்டார்கள். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல வந்து, ஏரியைக் கடந்து, உங்கள் பாதத்தைத் தொட்டு எழுப்பும்' என்று எழுதினார். வாசித்துக் காட்டியபோது அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். 'நல்லா இருக்கு' என்றுகூடச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நாலு வரி உலகத்தையே ஆட்டிவிட்டது. ஆறு வீடுகளும் ஒன்றரை வருடத்துக்கு நிரம்பிவிட்டன. ஏரி வீட்டுக்காரர் குளிர்ந்துபோய், எழுதிய மகானுபாவர் மனைவியோடு வந்து நாலு நாள் தங்க வேண்டும், போகவர எல்லாம் தன் செலவு என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டார். முதலாளி அதை எல்லோர் முன்னாலும் கொடுத்தார். படக்காரப் பெண் கைதட்டினாள். ஊர்சுற்றியின் முகம் வெளிறிப்போயிற்று.

வாந்திக்குப் பயந்துதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார்; அதைப் போட்டுக்கொண்டு மனைவியோடு பஸ் ஏறிச் சோதனை செய்து பார்த்தார்; இரண்டாவது நிறுத்தத்தில் "குணமாயிடுச்சு போலிருக்கே" என்று பயந்துபோய்ச் சொன்னார்; மூன்றாவதில் பக்கத்து சீட்டுக்காரரின் புதுச் செருப்பு போயிற்று. வீடு திரும்பி நடந்து வரும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள்.

விஷயம் இதுதான். அந்த இடம் அவர் எழுதியபடி இல்லாவிட்டால்? தொள்ளாயிரம் இடங்களை எழுதியவர், ஒன்றையாவது நேரில் பார்த்துவிட்டால் பிறகு எந்த வாயோடு எழுதுவது? போகாமல் இருந்துவிட்டால் எல்லாமே எழுதியபடியே இருக்கும்.

"சரிங்க, டிக்கெட் வீணாகுது. நானும் தங்கச்சியும் போயிட்டு வர்றோம்" என்றாள் மனைவி.

ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல். அவர் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா? நீ எப்படி? பாஷை தெரியாதே."

"தங்கச்சிக்குக் கொஞ்சம் தெரியும். இல்லேன்னா கையைக் காட்டிக் கேட்டுக்கறோம்."

"வீட்டை யாரு பாத்துப்பா?"

"வீடு எங்கயும் போகாதுங்க."

அவர் பயம் ஒன்றுக்குப் பத்தாயிற்று. முன்பாவது அவர் பார்த்து ஏமாறுவதோடு போகும். இப்போது பார்க்கப் போகிறவள் அவள். அவர் எழுத்துக்கு 'நல்லா இருக்கு' சொல்கிற ஒரே ஆள், சொந்தக் கண்ணோடு போய் நிற்கப்போகிறாள். அங்கே மட்டும் ஏதாவது ஒரு பலகை உளுத்திருந்தால் போதும், இருபத்தாறு வருடமாகக் காய் நறுக்கிக்கொண்டு கேட்டதெல்லாம் காதில் சுற்றிய பூ என்று ஆகிவிடும். இந்தக் கவலையில் அவள் ஊர் போய்ச் சேரும்வரை மனுஷன் சரியாகத் தூங்கவில்லை. வழியில் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையெல்லாம் இல்லை. அது தோன்றவேயில்லை.

தினமும் சாயங்காலம் அவர் போன் செய்வார். அங்கே அப்போது நண்பகல். முதல் நாள் எடுத்ததும் கேட்டார்.

"எப்படி இருக்கு இடம்?"

"நீங்க எழுதுன மாதிரியேங்க."

"காலையில சூரியன்?"

"ஆமாங்க. எழுதுன மாதிரியே."

"பாதத்துல படுதா?"

"ம். படுது."

அவள் குரல் கம்மியிருந்தது, ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வந்தது. காட்சியின் அழகில் பேச்சே வரவில்லை போலும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் ஏரிமேல் பனி எழும்புகிறதா என்று கேட்டார். எழும்பியது. மூன்றாம் நாள் தரைப் பலகைக்குக் கீழே தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்டது. நாலாம் நாள் மலை ஊதா நிறமாகத் தெரிகிறதா என்றார். அதுவும் தெரிந்ததாம்.

அந்த நாலு நாளும் அலுவலகத்தில் அவரைப் பிடிக்க முடியவில்லை. "கண்ணால பாத்தவ சொல்றா, அட்சரம் பிசகலையாம்!" என்று டிக்கெட் போடுகிறவர்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். கீழே இறங்கி, சலவைக்கடைக்காரரிடமும் சொன்னார். வீட்டில் மட்டும் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. புதிதாக வாங்கின அலாரம் அடிக்கும், அப்பாவும் மகளும் ஆளுக்கொரு முறை அதை அமுக்கிவிட்டுத் தூங்குவார்கள்; மகள் மூன்று நாள் தாமதமாகப் போனாள்; பால் இரண்டு முறை பொங்கி அடுப்பை அணைத்தது. அவர் ஒரு வரி எழுதவில்லை. எல்லாம் அவள் வந்ததும் சரியாகிவிடும் என்று அப்படியே போட்டுவைத்தார்.

அவள் வந்தாள். வாசலில் பார்த்து மகளே அசந்துபோனாள். "அம்மா, என்னம்மா இது, பத்து வயசு குறைஞ்சிட்ட!" கண்ணைச் சுற்றியிருந்த கருவளையம் போயிருந்தது. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. அக்கம்பக்கத்தில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கொழுந்தியாள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "அத்தான், உங்க ஏரி வீட்டுல அக்கா என்ன பண்ணினா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி ஆட்டோ ஏறிவிட்டாள்.

ஊர்சுற்றி இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. "பாத்தியா, இடத்தோட மகிமை!" என்று மகளிடம் சொன்னார். காலைச் சூரியன் முகத்தில் பட்டால் இப்படி ஒரு களை வரும் என்று அடுத்த புத்தகத்துக்கு ஒரு வரி சேர்த்தார். அவள் மறுநாள் நாலரைக்கு எழுந்து காபி போட்டாள். இரண்டே வாரத்தில் கருவளையம் திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கடிதம். முதலாளி கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். எழுதியவர் ஓய்வு பெற்ற நில அளவையர். கடிதத்தோடு ஏரி வீட்டின் வரைபடம் ஒன்று, அளவு பிசகாமல், வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு.

'ஐயா, நானும் என் மனைவியும் தங்கள் நூலை நம்பி மேற்படி ஏரி வீட்டில் நாலு நாள் தங்கினோம்' என்று அது தொடங்கியது. 'முதல் நாள் விடியற்காலை நாலரைக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டோம். சூரியன் வரவில்லை. மேகம் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் என் கண்மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் திசைகாட்டியை எடுத்தேன். கட்டில் மேற்கு பார்த்து இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே சூரியன் மறையும்; உதிக்காது. வீட்டுக்குப் பின்புறம் கழிவறை இருப்பதால் அந்தப் பக்கம் ஜன்னலும் கிடையாது. நாலாம் நாள் மரப்பாலத்தில் நடந்து போய்க் கரையில் குப்பைத்தொட்டி அருகே நின்று பார்த்தோம். உதயம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் பாதத்தைத் தொடவில்லை.'

ஊர்சுற்றி அம்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தார். படக்காரப் பெண் தன் மேஜையில் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. முதலாளி அசரவில்லை. இணையத்தைத் திறந்து, ஏரி வீட்டில் தங்கியவர்கள் எழுதிப் போட்ட பாராட்டுகளை வரிசையாக வாசித்தார்.

"இந்தாங்க கேளுங்க. 'சூரியன் எங்கள் பாதத்தைத் தொட்டு எழுப்பியது, மறக்கவே முடியாது.' இது புதுசா கல்யாணம் ஆனவங்க. இங்க பாருங்க, 'நூலில் எழுதியபடியே சூரிய உதயம்.' இன்னொருத்தர், 'கிழக்கு பார்த்த கட்டிலில் என் மனைவி கண்கலங்கினாள்.' இருநூத்திப் பதிமூணு பேரு பாத்திருக்காங்க சார். இந்த ஒரு ஆளுக்குத்தான் வரல!"

"சார், ஆனா மேற்குன்னா மேற்குதானே?"

"இருநூத்திப் பதிமூணு பேருக்குக் கிழக்குன்னா நாம என்ன பண்றது? அன்னிக்கு மேகமூட்டம்னு பதில் போட்டுடுவோம். நாலு நாளும் மேகம். முடிஞ்சது."

முதலாளிக்கு அத்தோடு முடிந்தது. ஊர்சுற்றிக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. இருநூற்றுப் பதிமூன்று பேர் எப்படியோ போகட்டும். புத்தகத்தில் இருந்ததைப் பார்க்காமல் திரும்பினோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் அவள்? 'ஆமாங்க, எழுதுன மாதிரியே' என்றாளே, நாலு நாளும்! பனி எழும்பியது, மலை ஊதா! வீட்டுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் உள்ளுக்குள் கொதித்தது. பரிதாபப்பட்டுப் பொய் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அந்தக் குகை அறைக்கு 'நல்லா இருக்கு' என்றது? கலங்கரை விளக்கத்துக்கு? தொள்ளாயிரம் 'நல்லா இருக்கு'களும் பொய்தானா? தெருமுனையில் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை நீட்டினார். அவள் முழுவதும் படித்தாள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட, மேற்கா அது?" என்றாள். உண்மையான ஆச்சரியம்.

"நடிக்காதே. நாலு நாள் அங்க இருந்திருக்கே. சூரியன் பாதத்துல படுதுன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"வராத சூரியன் எப்படிம்மா பட்டுச்சு?"

அவள் கையிலிருந்த துண்டை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் திரையைத் தெறக்கவேயில்ல."

"என்னது?"

"தூங்கிட்டேன்."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்தான். மொத நாள் வழக்கம்போல நாலரைக்கு முழிப்பு வந்துச்சு. எழுந்து உக்காந்தேன். என்ன பண்றதுன்னு தெரியல. யாருக்கும் எதுவும் வேணாம். பால் வைக்க வேணாம், டப்பா கட்ட வேணாம். தங்கச்சி பாட்டுக்குத் தூங்குறா. சரின்னு படுத்தேன். கண்ணத் தொறந்தா மணி பத்தரை. எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. துக்கமில்ல. ஏன்னே தெரியல, அழுதேன். அப்புறம் ஜன்னல்ல கனமா திரை இருந்துச்சு, வெளிச்சமே வராது, அதுல இருந்த சின்ன இடுக்கையும் இழுத்து மூடிட்டேன். மறுநாளும் அப்படித்தான். தங்கச்சி படகுல போனா, மலைக்குப் போனா. நான் சாப்புட்டேன், குளிச்சேன், மறுபடி படுத்தேன். கட்டில் எவ்வளவு அகலம் தெரியுமா? கை ரெண்டையும் நீட்டிப் படுத்தாலும் ஓரம் வரல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உலகமே பார்க்கத் துடிக்கிற இடத்துக்குக் கடல் தாண்டிப் போய், திரையை மூடிவிட்டுத் தூங்கியிருக்கிறாள்!

"இதை என்கிட்ட போன்ல சொல்லியிருக்கலாமே. எதுக்குப் பொய்?"

"நீங்க சூரியனைக் கேட்டீங்க, பனியைக் கேட்டீங்க, மலை என்ன கலருன்னு கேட்டீங்க. எல்லாத்துக்கும் ஆமான்னேன். நான் எப்படி இருக்கேன்னு கேட்டிருந்தா, தூங்கறேங்க, சுகமா இருக்கேன்னு சொல்லியிருப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலையணை உறையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். அவர் அந்த நாலு போன் பேச்சையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. ஒரு நாள்கூட அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அந்த நாலு நாள் மட்டும்தானா என்று அவர் மேலே யோசிக்கப் பார்த்தார். முடியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்போ நான் எழுதுறது... நல்லா இருக்குன்னு நீ சொல்றது?" என்று இழுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தாங்க இருக்கும். 'யாரும் கதவு தட்டி எழுப்ப மாட்டார்கள்'னு ஒரு வரி எழுதியிருந்தீங்களே, அதைக் கேட்டுத்தான் நான் போகணும்னே முடிவு பண்ணினேன். அது மட்டும் எழுதுன மாதிரியே இருந்துச்சு."

ஊர்சுற்றி அன்று இரண்டு காரியம் செய்தார். முதலாளிக்குப் போன் போட்டு, அடுத்த பதிப்பில் ஏரி வீட்டுக் கட்டிலை மேற்கே திருப்பப்போவதாகச் சொன்னார். முதலாளி, "விளையாடுறீங்களா? ஒன்றரை வருஷம் புக்கிங் சார்!" என்று கத்தியதைக் காதில் வாங்காமல் வைத்துவிட்டார். பிறகு மனைவியிடம் வந்து, "நாளைக்கு நீ எந்திரிக்காதே. எல்லாம் நாங்க பாத்துக்கறோம். பத்து மணியானாலும் சரி, தூங்கு" என்றார். அவள் நம்பிக்கையில்லாமல்தான் பார்த்தாள். ஆனால் படுக்கப்போகும்போது அவள் முகத்தில் ஏரி வீட்டுக் களை லேசாக எட்டிப் பார்த்தது.

மறுநாள் விடியற்காலை, அலாரத்தை ஒரே மணியில் அமுக்கிவிட்டு அவர் எழுந்தார். பூனைமாதிரி நடந்தார். விடிந்தால் வெளிச்சம் உள்ளே வரக்கூடாது என்று அறை ஜன்னல் கம்பியில் ஒரு பெட்ஷீட்டை மாட்டிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். சமையலறையில் பாத்திரம் எதையும் கீழே போடாமல் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, தன்னையே மெச்சிக்கொண்டு நின்றார். மகள் ஈரத் தலையோடு வந்தாள். அடுப்புக்கு முன்னால் அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா எங்கப்பா?"

"உஷ்! தூங்குறா."

"தூங்குறாளா? இந்த நேரத்துலயா?" மகள் முகம் மாறிவிட்டது. "என்னப்பா, உடம்பு சரியில்லையா? ராத்திரியே சொல்லக்கூடாதா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா தூங்குறா."

"அம்மா சும்மா தூங்குவாளா? என்னப்பா பேசுறீங்க?"

அவர் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் அவள் தன் வேலைப் பையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். விளக்கைப் போட்டாள். பாவம், பாசக்காரப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள், தோளைத் தொட்டு உலுக்கினாள், "அம்மா, இங்க பாரு, வாயைத் திற" என்றாள். அம்மா மிரண்டு விழித்து வாயைத் திறந்தாள். மகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு நிமிடம் நாடி பார்த்தாள். ஊர்சுற்றி வாசற்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

மகள் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டாள்.

"பயந்தே போயிட்டேன்பா. ஜுரமெல்லாம் ஒண்ணுமில்ல, அம்மா நல்லாத்தான் இருக்கா" என்று அவரைப் பார்த்து நிம்மதியாகச் சொன்னாள்.

அதற்குள் அம்மா எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, இரண்டு பேரையும் தாண்டிச் சமையலறைக்குப் போய்விட்டிருந்தாள்.